விடை முதலில், அளவீடு பிறகு

தமிழ்நாட்டில் இயற்பியல் எடுத்துப் படிக்கும் இளநிலை மாணவர்கள் ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்காமல் பட்டம் வாங்குவதில்லை. அவர்களுடைய ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். 979.8, 980.1, 980 என்று விடைகள் வரிசைகட்டி நிற்கும். கன்னியாகுமரியில் ஆட்டினாலும் 980, சென்னையில் ஆட்டினாலும் 980. சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் அந்த மதிப்பு 980 கிடையாது. பூமி சுழல்கிறது, நடுக்கோட்டில் சற்றுப் பருத்தும் இருக்கிறது. அதனால் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஈர்ப்பு முடுக்கம் குறையும். நடுக்கோட்டிலிருந்து 8 முதல் 13 பாகை வரை தள்ளியிருக்கும் நம் சமவெளிகளில் அது விநாடிக்கு விநாடி சுமார் 978 சென்டிமீட்டர். பாடநூலில் இருக்கும் 980.665 என்பது 1901-இல் பன்னாட்டு எடை, அளவு மாநாடு பொதுப் பயன்பாட்டுக்காக ஏற்றுக்கொண்ட எண். அது 45 பாகை அட்சரேகையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது.

பிறகு எப்படி எல்லோருக்கும் 980 வருகிறது? வழி எளிது. முதலில் 980-ஐ எழுதிக்கொள்ள வேண்டும். அதைச் சமன்பாட்டில் போட்டு, நூறு சென்டிமீட்டர் நூலுக்கு 20 அலைவுகள் எத்தனை விநாடி எடுக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். வந்த எண்ணின் கடைசி இலக்கத்தை மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் தள்ளினால் மூன்று 'ரீடிங்' தயார். மாணவர்கள் இதற்கு 'மேனிபுலேட் பண்றது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒளித்துச் சொல்வதுகூட இல்லை. ஆய்வகத்தில் ஒரு மாணவியிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். "980 வரலன்னா எக்ஸ்டர்னல் மார்க் குறைப்பாங்க மேம். எங்க அக்காவும் இப்படித்தான் எழுதுச்சு" என்றாள். அவள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

நான் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். கல்லூரி மாணவர்களுக்கு ஆராய்ந்து சிந்திக்கத் தெரியவில்லை, நெறி தவறாமல் முடிவெடுக்கத் தெரியவில்லை என்ற புலம்பல் இப்போது எல்லா மேடைகளிலும் கேட்கிறது. அதற்கென்று பயிலரங்குகள் நடக்கின்றன, சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. மதிப்புக் கல்வி என்று ஒரு தாளே இருக்கிறது. எதை யார் சொன்னாலும் மெய்யைத் தேடு என்று சொல்லும் குறளை அடி பிறழாமல் எழுதினால் அதில் மதிப்பெண் கிடைக்கும். அந்தக் குறள் சொல்வதைச் செய்துபார்த்ததற்கு எங்கும் மதிப்பெண் கிடையாது. என் தரப்பு இதுதான்: சிந்தனையும் நேர்மையும் இரண்டு தனிப் பாடங்கள் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் கெடுகின்றன. முடிவை முதலில் வைத்துக்கொண்டு ஆதாரத்தை அதற்கேற்ப வளைக்கும் பழக்கமே அந்த இடம். அந்தப் பழக்கத்துக்கு மதிப்பெண் கொடுத்து வளர்ப்பவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்.

0.04 விநாடி

இதை மாணவர்களின் சோம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். கணக்கைப் பாருங்கள். நூறு சென்டிமீட்டர் ஊசல் 20 முறை ஆட, ஈர்ப்பு முடுக்கம் 978 என்றால் 40.18 விநாடி ஆகும். 980 என்றால் 40.14 விநாடி. வேறுபாடு 0.04 விநாடி. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் கட்டைவிரல் இதைவிடப் பல மடங்கு தாமதிக்கும். மின்விசிறியை நிறுத்த மறந்திருப்போம். பக்கத்து மேசைக்காரர் இடித்திருப்பார். கண்ணும் கையும் சேர்ந்து 0.2 விநாடி பிசகினால் போதும், விடையில் பத்து கூடும் அல்லது குறையும். ஆகவே, ஒரே ஒரு முறை இப்படி அளந்த நேர்மையான மாணவரின் விடை 969 ஆகவும் இருக்கலாம், 987 ஆகவும் இருக்கலாம். இரண்டும் நல்ல விடைகள்தான். கூடவே, "என் அளவில் பத்து வரை பிசகு இருக்கலாம், காரணம் இது" என்று எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

இந்த இடத்தில் மாணவருக்கு ஒரு கேள்வி பிறக்க வேண்டும்: பிசகை எப்படிக் குறைப்பது? 20-க்குப் பதிலாக 200 அலைவுகளை எண்ணிப் பார்க்கலாமே. அப்போது அந்த 0.04 விநாடி 0.4 விநாடியாக வளரும். கட்டைவிரலின் தாமதத்தைத் தாண்டிவிடும். நூலின் நீளத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தால், நம் ஊரில் அது 980 இல்லை என்பதைக் கல்லூரி ஆய்வகத்தின் பித்தளைக் குண்டை வைத்தே ஒரு மாணவரால் சந்தேகிக்க முடியும். பாடநூல் எண்ணைத் தன் கையால் சந்தேகிக்கும் அந்த நிமிடத்துக்காகத்தான் ஆய்வகம் கட்டியிருக்கிறோம். அந்த நிமிடம் வராமல் பார்த்துக்கொள்வதற்கு மதிப்பெண் போடுகிறோம்.

பிழைகளைப் பற்றி மாணவர்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். பதினோராம் வகுப்பு இயற்பியலின் முதல் அலகிலேயே அது பாடமாக இருக்கிறது. பிழைகளின் வகைகளைக் கேட்டால் ஒப்பிப்பார்கள். ஆனால், ரெக்கார்டின் கடைசி வரியில் நாம் கேட்பது 'சதவீதப் பிழை'. அதாவது, புத்தக விடையிலிருந்து நீ எவ்வளவு தூரம் விலகியிருக்கிறாய்? விலகல் 0.1 சதவீதம் என்று எழுதியவர் சமத்து. 2 சதவீதம் என்று எழுதியவர் அசடு. உன் அளவை நீ எவ்வளவு நம்புகிறாய், ஏன் நம்புகிறாய் என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை. இருபது வயதில் ஒருவர் எடுக்கும் எந்தப் பெரிய முடிவுக்கும் அவருக்குத் தேவைப்படுவது அந்தக் கேள்விதான்.

அழிக்கப்படாத அளவுகள்

ழான் ரீஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் 1672-இல் செவ்வாய்க் கோளை நோக்குவதற்காகத் தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்கு அனுப்பப்பட்டார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நல்ல கடிகாரம், பழகிய கை, தெரிந்த விடை. அவர் அந்த இரண்டரை நிமிடத்தை மறைக்கவில்லை; ஊசலை எவ்வளவு குறுக்கினால் நேரம் சரியாகிறது என்று அளந்து எழுதிவைத்தார். வெப்பத்தில் கம்பி நீண்டிருக்கும் என்று ஐயப்பட்டார்கள். நியூட்டன் அந்த ஐயத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்; அது போதவில்லை என்று கண்டார். 1687-இல் வெளியான 'பிரின்சிப்பியா' நூலில், பூமி துருவங்களில் தட்டையானது என்ற தன் வாதத்துக்கு அந்த அளவைச் சான்றாக வைத்தார். கயேன் நடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கே இருக்கிறது, கன்னியாகுமரி 8 பாகை. ரீஷே எழுதிவைத்த வேறுபாடும், நம் மாணவர்கள் 980 ஆக்கி அழித்துவிடும் வேறுபாடும் ஏறக்குறைய ஒரே இனம்.

இன்னொரு கதை நம் பக்கத்தைச் சேர்ந்தது. 1923-இல் கொல்கத்தாவில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்த கே.ஆர். ராமநாதன் திரவங்களில் ஒளிச்சிதறலை ஆராய்ந்துகொண்டிருந்தார். எதிர்பாராத ஒரு மங்கலான ஒளி தென்பட்டது. திரவத்தில் மாசு இருக்கும் என்பதுதான் உடனே வாயில் வரும் விளக்கம். திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்தார்கள். ஒளி போகவில்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் பின்னர் வேறு பல திரவங்களில் அதையே கண்டார். மாசுதான் என்று ஒரு வரி எழுதி அவர்கள் மூடிவைத்திருந்தால் கேட்பார் யாரும் இல்லை. விடாமல் துரத்தியதன் முடிவுதான் 1928 பிப்ரவரி 28-இல் கண்டறியப்பட்ட ராமன் விளைவு. 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிப்ரவரி 28-ஐ இன்று தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். கல்லூரி வாசலில் கோலம் போடுகிறோம், வினாடி வினா நடத்துகிறோம். மதியம் ஆய்வகத்துக்குள் போய் ரீடிங்கை மேனிபுலேட் பண்ணுகிறோம்.

நேர்மை தவறுவது அரைகுறைகளின் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அதனால்தான் மில்லிக்கனின் கதையையும் என் மாணவர்களுக்குச் சொல்வேன். எண்ணெய்த் துளிகளைக் கொண்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த ராபர்ட் மில்லிக்கன் 1913-இல் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் அளவுகளைக் கொடுத்து, அவை தேர்ந்தெடுத்தவை அல்ல, அறுபது நாள்களில் சோதித்தவை அத்தனையும் என்று எழுதினார். பிற்காலத்தில் அவருடைய குறிப்பேடுகளைப் படித்தவர்கள் அதைவிட அதிகமான துளிகள் இருந்ததைக் கண்டார்கள். அவர் விட்டுவிட்ட துளிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் விடை பெரிதாக மாறாது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் சரியில்லாததால் அவருடைய மின்னூட்ட மதிப்பு உண்மையைவிடச் சுமார் 0.6 சதவீதம் குறைந்திருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒரே தாவலில் சரியான எண்ணுக்குப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறினார்கள். 1974-இல் கால்டெக் பட்டமளிப்பு உரையில் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் இதற்குக் காரணம் சொன்னார். மில்லிக்கனின் எண்ணிலிருந்து அதிகம் விலகிய விடை வந்தபோது தவறு எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தார்கள். அவருடைய எண்ணை ஒட்டி வந்தபோது அவ்வளவாகத் தேடவில்லை.

என் மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். தங்களுக்குத் தெரிந்த தந்திரத்தைப் பெரிய ஆட்களும் செய்திருக்கிறார்கள் என்ற சிரிப்பு அது. இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அந்த ஆய்வாளர்களில் யாரும் பொய் எழுதியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிடித்த விடைக்கு ஓர் அளவுகோல், பிடிக்காத விடைக்கு இன்னோர் அளவுகோல் என்று வைத்துக்கொண்டாலே போதும். உண்மை பல ஆண்டுகள் தள்ளிப்போகும். தேர்தல் நேரத்தில் வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நாம் எப்படிச் சரிபார்க்கிறோம் என்று யோசித்தால், நாம் எல்லோருமே இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறோம்.

வாடகைக்கு ஒரு வங்கிக் கணக்கு

ஆய்வகத்தில் பழகியது ஆய்வகத்தோடு நிற்பதில்லை. இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் மாலையில் வந்து நின்றார். யாரோ ஒரு அண்ணன். வங்கியில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, ஏடிஎம் அட்டையையும் சிம் கார்டையும் கொடுத்துவிட்டால் சில ஆயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாதாமாதமும் ஏதோ வரும். தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம் அது. "தப்பா மேம்?" என்று கேட்கத்தான் வந்திருந்தார். கூடவே, ஏன் தப்பில்லை என்பதற்கான காரணங்களையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் அவருடைய பணம் ஏதும் இல்லை. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஏற்கெனவே சிலர் கொடுத்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை.

இது அதே பின்னோக்கிய கணக்குதான். பணம் வேண்டும் என்ற விடை முதலில் எழுதப்பட்டுவிட்டது. காரணங்கள் அதற்கேற்ப எழுதப்பட்ட ரீடிங்குகள். இந்த இடத்தில் அறிவுரை சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அட்டவணை போடச் சொன்னேன். நமக்கு நேரடியாகத் தெரிந்தது ஒரு பத்தி. அந்த அண்ணன் சொன்னது ஒரு பத்தி. தெரியாதது ஒரு பத்தி. ஊகமும் கேள்விப்பட்டதும் முதல் பத்திக்குள் நுழையக் கூடாது. எழுதி முடித்தபோது முதல் பத்தியில் இரண்டு வரிகள்தான் இருந்தன: அவரிடம் பணம் இருக்கிறது, அவர் தன் பெயரில் கணக்கு வைத்துக்கொள்ள விரும்பவில்லை. 'ஒன்றும் ஆகவில்லை' என்பது இரண்டாம் பத்திக்குப் போய்விட்டது. அதைச் சொன்னவரும் அந்த அண்ணன்தானே.

பிறகு கேட்டேன்: "சரி தம்பி, அந்தக் கணக்குல வர்ற காசு யாரோடது?" அந்தக் கேள்வியை மூன்றாம் பத்தியில் அவரே எழுதினார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பறித்த ஓய்வூதியக்காரரின் பணமாக இருக்கலாம், பகுதிநேர வேலை தருவதாகச் சொல்லி இன்னொரு மாணவரிடம் பிடுங்கியதாக இருக்கலாம். இணையத்தில் பணம் பறிப்பவர்களுக்கு, பறித்த பணத்தை உடனே மாற்றிவிடப் பிறர் பெயரில் கணக்குகள் வேண்டும். காவல்துறை முதலில் வந்து நிற்பது கணக்கில் பெயர் உள்ளவரின் வீட்டு வாசலில். இப்படிக் கணக்கைக் கொடுத்து வழக்கில் மாட்டிக்கொண்ட கல்லூரி மாணவர்களைப் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. பணத்தை இழந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தால், அந்தப் பணம் போய்ச் சேர்ந்த கணக்குகளை முடக்குவதுதான் முதல் வேலை.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால் அந்த மாணவர் விலகிவிடுவார் என்பது உண்மை. அதோடு நிறுத்தினால் அடுத்த முறை மாட்டிக்கொள்ளாத வழியைத் தேடுவார். அதனால் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டேன். நீ நினைப்பது தப்பாகப் போனால் விலை கொடுப்பது யார்? செய்த பிறகு திரும்ப எடுக்க முடியுமா? பிடிக்காத பாடத்தைத் தேர்ந்தெடுத்தால் விலை உன்னுடையது; ஓராண்டு இழப்புடன் மாற்றிக்கொள்ளலாம். அட்டையைக் கொடுத்துவிட்டால் விலை முகம் தெரியாத ஒருவருடையது. உன் பெயரில் ஏறிய வழக்கை ரப்பர் வைத்து அழிக்க முடியாது. திரும்பப் பெறக்கூடிய முடிவை விரைவாக எடுக்கலாம். திரும்பப் பெற முடியாததற்கு, அதுவும் பிறர் தலையில் விலை விழக்கூடியதற்கு, முதல் பத்தி நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். நெறி என்பதை மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய சொற்களில் சொல்ல எனக்குத் தெரியாது. அவர் அட்டையைக் கொடுக்கவில்லை. தேர்வுக் கட்டணத்துக்குத் துறையில் ஒரு வழி செய்தோம். அதையும் சொல்ல வேண்டும்; கையில் காசில்லாதவரிடம் நெறியை மட்டும் பேசிவிட்டுப் போவது நியாயம் ஆகாது.

எத்தனை பேரில் நூறு?

இதே அட்டவணையை வகுப்பில் வேறு வேலைக்கும் பயன்படுத்துகிறேன். பேருந்து நிலையத்தில் நிற்கும் விளம்பரப் பலகைகளில் '100 சதவீத வேலைவாய்ப்பு' என்று இருக்கும். மாணவர்களைக் கேட்பேன்: எத்தனை பேரில் நூறு சதவீதம்? சேர்ந்தவர்களிலா, படிப்பை முடித்தவர்களிலா, முகாமுக்குப் பதிவு செய்தவர்களிலா, அரியர் இல்லாதவர்களிலா? கீழே உள்ள எண்ணைச் சொல்லாத சதவீதம் ஒரு தகவலே இல்லை. மத்திய கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், அவர்களுடைய இடைநிலை ஊதியம் என்ன என்று கொடுத்த விவரங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. தம்பி தங்கையைக் கல்லூரியில் சேர்க்கும் முன் அதைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

அந்த விவரங்களும் கல்லூரிகளே கொடுத்தவைதானே என்று ஒரு மாணவி கேட்டாள். நான் எதிர்பார்க்காத கேள்வி. ஆமாம், அதுவும் இரண்டாம் பத்திதான். ஆனாலும் பலகையைவிட மேல். கல்லூரி பொறுப்பேற்றுக் கொடுத்த எண், ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய எண். எல்லாவற்றையும் சந்தேகிப்பவர் சிந்திப்பவர் ஆகிவிட மாட்டார். எதை எவ்வளவு நம்பலாம் என்று படி பிரிக்கத் தெரிந்தவர்தான் சிந்திப்பவர். அந்த மாணவிக்கு அது வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தத் திறமைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ரெக்கார்டை எழுதித் தரவும், வைவா கேள்விகளுக்கு விடை சொல்லவும், 980-க்கு ஏற்ற ரீடிங்குகளைத் தயாரித்துத் தரவும் கைபேசியே போதும். அதுவும் அலுங்காத குரலில், தயங்காமல் சொல்லும். விடை இலவசமாகிவிட்ட காலத்தில் விடைக்கு மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தால் நாம் யாரைத் தேர்வு செய்கிறோம்? தன் கையால் அளந்த எண்ணும், அதை எவ்வளவு நம்பலாம் என்ற தீர்ப்பும்தான் இனி மாணவருக்குச் சொந்தமாக மிஞ்சுபவை.

நேர்மையின் விலையை யார் கொடுப்பது?

என் சக ஆசிரியர்கள் சொல்லும் மறுப்புகள் எனக்குத் தெரியும். நேர்மையான எந்த எண்ணுக்கும் மதிப்பெண் என்றால், ஆய்வகத்துக்கே வராமல் ஆளுக்கொரு எண்ணை எழுதிவிடுவார்களே என்பது ஒன்று. செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகப் போனவர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. உண்மையில் அளந்த எண்கள் தடுமாறும். ஒரே அளவு இரண்டு முறை வரும், நடுவில் ஒன்று முரண்டு பிடிக்கும், அடித்தல் இருக்கும். கற்பனை எண்கள் படிக்கட்டு போல ஒழுங்காக ஏறும். சந்தேகம் வந்தால், "இந்த ஒரு ரீடிங்கை இப்போ எடுத்துக் காட்டுங்க" என்று சொன்னால் போதும்.

இரண்டாவது மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஒரு ஊசலுக்கு ஐந்தாறு மாணவர்கள் காத்திருக்கும் ஆய்வகங்கள் உண்டு. தேய்ந்த ஸ்பெக்ட்ரோமீட்டரில் குறுக்குக் கம்பி தெரியாது. நிரந்தர ஆசிரியர் இடங்கள் காலியாக இருக்க, கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த ஊதியத்தில் வேலையை இழுத்துக்கொண்டு போகிறார்கள். பழுதான கருவியில் சோடியம் விளக்கின் அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் என்று வரவே வராது. ஆனால், அதைத்தான் எழுதியாக வேண்டும். இல்லையென்றால் மதிப்பெண் போய்விடும். கருவியின் பழுதை மாணவரின் பொய்யால் ஒட்டுப்போட்டு மறைக்கிறோம் என்பதுதான் இதன் பொருள். எல்லா ரெக்கார்டிலும் 5893 இருக்கும்வரை, கருவி பழுது என்ற செய்தி கல்லூரி முதல்வரின் மேசைக்குக்கூடப் போகாது. மாணவர்கள் பார்த்ததை எழுதத் தொடங்கினால், புதிய கருவி கேட்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

இந்த ஏற்பாட்டில் நேர்மையின் விலையை யார் கொடுக்கிறார் என்று பாருங்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர், அரியர் விழுந்தால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படுபவர், அவர்தான். அவரிடம் போய் உண்மையாக இரு என்று மதிப்புக் கல்வி நடத்துவது எளிது. உண்மையாக இருந்ததற்காக அவருக்கு மதிப்பெண் குறையாது என்று உறுதி கொடுப்பதுதான் நம் வேலை.

செலவில்லாத நான்கு மாற்றங்கள்

நான் கேட்பவை எதற்கும் தனி நிதி தேவையில்லை. முதலாவது, அளவுகளை அப்சர்வேஷன் நோட்டில் ஆய்வகத்திலேயே பேனாவால் எழுத வேண்டும். தவறானதை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும், அழிக்கக் கூடாது. அன்றைக்கே ஆசிரியர் கையொப்பமிட வேண்டும். இரண்டாவது, 'திட்ட மதிப்பு' என்ற வரியைச் செய்முறைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆளுக்கொரு மின்தடையை, மதிப்பைக் காட்டும் நிறப் பட்டைகளை மறைத்துக் கொடுத்தால் மீட்டர் பாலத்தில் சீனியரின் ரெக்கார்டு யாருக்கும் உதவாது. விடை தெரியாதபோதுதான் மாணவர் கருவியைப் பார்க்கிறார். நான் இதைச் செய்துபார்த்திருக்கிறேன். முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு, "என்னுது நாலு ஓம் வருதுடி, உன்னுது?" என்று அவர்களுக்குள்ளேயே வாதம் தொடங்கிவிடும்.

மூன்றாவது, ஒவ்வொரு பரிசோதனையின் முடிவிலும் 'சதவீதப் பிழை' இருக்கும் இடத்தில் பிழை வரம்பையும் அதற்கான காரணத்தையும் கேட்க வேண்டும். நான்காவது, பருவத்துக்கு ஒரு பரிசோதனையாவது சரியாக வராததாக இருக்க வேண்டும். ஏன் வரவில்லை, அடுத்து என்ன செய்து பார்ப்பாய் என்று மாணவர் எழுதுவதற்கே முழு மதிப்பெண். இயற்பியலுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. டைட்ரேஷனில் பியூரெட் அளவு மூன்று முறையும் அச்சடித்ததுபோல் வரும் வேதியியலுக்கும், விடுதி அறையில் உட்கார்ந்தே நிரப்பப்படும் கணக்கெடுப்புப் படிவங்களை வைத்து ஆய்வறிக்கை எழுதும் வணிகவியலுக்கும், சமூகவியலுக்கும் இது பொருந்தும். பதில் சொன்னவர்கள் எத்தனை பேர், மறுத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கும் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் இருந்தாலே அந்த அறிக்கைகளில் பாதி மாறிவிடும்.

இதற்கு அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழு கூடி ஒரு மதியத்தில் முடிவு செய்யலாம். மற்ற கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக அளவில் முடிவு செய்யலாம். மாணவர்கள் மதிப்பெண் எங்கே இருக்கிறது என்பதைக் கூர்மையாகக் கவனிப்பவர்கள். அது நகர்ந்தால் அவர்களும் நகர்வார்கள். அடுத்த செய்முறைத் தேர்வுக்கான மதிப்பீட்டுத் தாளில் 'முடிவு' என்ற தலைப்புக்கு எதிரே இருக்கும் மதிப்பெண்ணைப் பாதியாகக் குறையுங்கள். மீதிப் பாதியைப் பிழை வரம்புக்கும், அதை மாணவர் வாய்மொழியாக விளக்குவதற்கும் கொடுங்கள். பயிலரங்கையும் சான்றிதழையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.